"நீங்க இன்னிக்கு பாடமே நடத்தலையே மிஸ்"

பசங்களே செஞ்சு பாத்துக் கத்துக்கற மாணவர் மையப் பாடத்திட்டத்துக்கு மாறினப்ப டீச்சர்ஸ்தான் முணுமுணுப்பாங்கன்னு நெனச்சேன், ஆனா மொத கம்ப்ளைண்ட் பசங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு. முக்கால்ல பாதி எவ்வளவுன்னு குரூப்பா உக்காந்து பேப்பர மடிச்சு, படம் வரைஞ்சு, எட்டுல மூணுன்னு தானே கண்டுபிடிச்ச ஒரு பொண்ணு, பீரியட் முடிஞ்சதும் வந்து "நீங்க இன்னிக்கு பாடமே நடத்தலையே மிஸ், நோட்ஸ் எப்ப குடுப்பீங்க"ன்னு கேட்டா. எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

அப்புறம்தான் 2019ல வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு ஒண்ணு படிச்சேன். பிசிக்ஸ் கிளாஸ்ல ஒரே பாடத்த சிலருக்கு லெக்சரா எடுத்துருக்காங்க, மத்தவங்கள தானே போட்டுப் பாக்க விட்டுருக்காங்க. டெஸ்ட்ல மார்க் கூட எடுத்தது தானே போட்டுப் பாத்தவங்க, ஆனா நெறைய கத்துக்கிட்டோம்னு சொன்னது லெக்சர் கேட்டவங்க! ஒருத்தர் கோர்வையா பேசினா நமக்கே புரிஞ்ச மாதிரி இருக்கு, நாமளே முட்டி மோதினா ஒண்ணும் புரியலன்னு தோணுது. இத நான் பசங்ககிட்ட மொத நாளே சொல்லியிருக்கணும்.

டீச்சர்ஸ் சொல்றதையும் சோம்பேறித்தனம்னு தள்ளிட முடியாது. நாப்பது பேர பத்து குரூப்பா பிரிச்சா ஒருத்தரால எத்தன பக்கம் ஓட முடியும், அதுலயும் பரீட்சை மட்டும் பழையபடி மனப்பாடத்தையே கேட்டா போர்ஷன முடிக்கறதா பசங்கள பேச விடறதா? புதுசா கத்துக்கறவங்கள சரியா வழிகாட்டாம விட்டா திணறிடுவாங்கன்னு கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு மூணு கல்வி ஆராய்ச்சியாளர்கள் 2006லயே எழுதிட்டாங்க. அது ரொம்ப சரி. மாணவர் மையம்னா டீச்சர் ஒதுங்கி நிக்கறதுன்னு ட்ரெயினிங்ல புரிய வச்சதுதான் பெரிய கெடுதல்னு நான் நெனைக்கறேன். சொல்லப்போனா இதுல டீச்சருக்கு வேலை கூடத்தான் செய்யுது, எந்தக் குழந்தை எங்க தப்பா யோசிக்குதுன்னு காது குடுத்துக் கேட்டாத்தானே அடுத்த கேள்வியே போட முடியும்.

இப்ப மொத பத்து நிமிஷம் நானே நேரா சொல்லிக்குடுக்கறேன், நடுவுல அவங்க போட்டுப் பாக்கறாங்க, கடைசியில அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலேயே போர்டுல எழுதறேன், அதுதான் நோட்ஸ். அந்தப் பொண்ணும் எழுதிக்கறா. போர்ஷன்ல மட்டும் இன்னும் ரெண்டு பாடம் பின்னாடிதான் இருக்கேன்.