நாலும் எட்டும் பத்தும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் அக்கா மகன் பள்ளிக்கூட ஃபுட்பால் மேட்ச் முடிந்து வந்து, பையை முகப்புத் திண்ணையில் வீசிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டான். 15 வயது. ஆத்தா வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தும் கை வைக்கவில்லை. என்னடா என்று கேட்டால், "அம்மான், என்னைய ஒரு எடத்துல நிக்க விடமாட்டேங்கிறாங்க" என்றான். அவன் மிட்ஃபீல்டர். ஆனால் இந்த வருடம் ஒரு மேட்சில் இடது ஓரம், அடுத்ததில் டிஃபன்ஸ், அப்புறம் பாதி நேரம் பெஞ்ச், இப்போது மறுபடி டிஃபன்ஸ். தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டான்.

அவன் போட்டிருந்தது ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட்டின் வெள்ளை ஜெர்சி, முதுகில் 5, மேலே பெல்லிங்காம். காரைக்குடியில் ஒரு கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "உன் ஆளு 16 வயசுல என்ன நம்பர் போட்டிருந்தான் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. அவனுக்கு இங்கிலாந்துக்காரன் ஜூட் பெல்லிங்காம் என்றால் மாட்ரிட்டில் தொடங்குகிற கதை. அன்றைக்கு ராத்திரி வளவில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் கூட்டி இங்கே எழுதுகிறேன்.

அந்த நம்பர் 22. பர்மிங்காம் சிட்டி என்ற இங்கிலாந்து கிளப்பின் அகாடமியில், அதாவது சிறுவர் பயிற்சிப் பள்ளியில், பெல்லிங்காமுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. இங்கிலாந்தில் 4 என்றால் டிஃபன்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கிறவன், 8 என்றால் இந்தக் கோலுக்கும் அந்தக் கோலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறவன், 10 என்றால் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைத் திறந்துவிடுகிறவன். பெரும்பாலும் ஒரு பையனைச் சின்ன வயதிலேயே இதில் ஏதாவது ஒன்றில் உட்கார வைத்துவிடுவார்கள். இவனால் மூன்றுமே முடியும், எதற்கு ஒன்றில் அடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நாலும் எட்டும் பத்தும் கூட்டினால் 22. அதுவே சட்டையில் ஏறிவிட்டது.

பையன் பிறந்தது 2003 ஜூன் 29, பர்மிங்காம் பக்கத்தில் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊர். அப்பா மார்க் போலீஸ் சார்ஜென்ட். வேலை பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன லீக் அணிகளுக்கு ஆடி நூற்றுக்கணக்கில் கோல் போட்டவர். பையன் 7 வயதில் பர்மிங்காம் சிட்டி அகாடமிக்குள் போனான். 2019 ஆகஸ்ட் 6, லீக் கோப்பையில் போர்ட்ஸ்மத்துக்கு எதிராக முதல் அணியில் இறக்கினார்கள். அப்போது அவன் வயது 16 வருடம் 38 நாள். அதற்கு முன் அந்த கிளப்புக்கு மிகச் சின்ன வயதில் ஆடியவர் டிரெவர் பிரான்சிஸ், 1970-இல். பின்னாளில் பிரிட்டனிலேயே முதல்முறையாக 10 லட்சம் பவுண்டு விலை போன ஆட்டக்காரர் அவர். 49 வருடம் நின்ற அந்தச் சாதனை அன்றைக்குப் போனது. மேட்சில் பர்மிங்காம் 3-0 என்று தோற்றது, அது வேறு.

அதே மாதம் 31, ஸ்டோக் சிட்டியோடு சொந்த மைதானத்தில் மேட்ச். ஒருவர் அடிபட்டு வெளியே போக, முதல் பாதியிலேயே இவனை உள்ளே விட்டார்கள். 2-1 என்று ஜெயித்த அந்த மேட்சில் வெற்றி கோல் இவனுடையது. அடுத்து சார்ல்டனுக்குப் போய் அங்கே 1-0, அந்த ஒன்றும் இவன் போட்டது.

கோலை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒரு எண். அந்த சீசனில் அவன் ஆடிய லீக் மேட்ச் 41. இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் மொத்தமே 46 தான். சனிக்கிழமை ஒன்று, செவ்வாயோ புதனோ இன்னொன்று என்று மழையிலும் சேற்றிலும் நடக்கும் லீக் அது. முப்பது வயது ஆட்கள் முழங்கையை விட்டு ஆடுவார்கள். அதில் 16 வயதுப் பையன் ஒரு வாரம் இடது ஓரம், ஒரு வாரம் வலது ஓரம், ஒரு வாரம் நடுவில், ஒரு வாரம் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் என்று நிற்கச் சொன்ன இடத்திலெல்லாம் நின்றான். லீக்கில் மொத்தம் 4 கோல்தான். ஆனால் 41 மேட்ச் அவனை நம்பி இறக்கியிருக்கிறார்கள், அதுவும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு அணி.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் 17 வயது ஆகாமல் தொழில்முறை ஒப்பந்தம் போட முடியாது. ஆக, அந்த சீசனில் முக்கால்வாசிக்கு மேல் அவன் பயிற்சி பெறும் பையன் கணக்கில்தான் ஆடினான். சீசன் முடிவில் லீக் கொடுத்த விருதுகளில், இரண்டாம் பிரிவின் சிறந்த தொழில் பழகுநர் விருதும் அவனுக்கு வந்தது.

தொழில் பழகுநர். இந்த வார்த்தையைப் படித்ததும் எனக்கு ஐயா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் இது ஒன்றும் புதிதில்லையே. என் ஐயா 1935-இல் 13 வயதில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார், மொகல் தெருவில் ஒரு வட்டிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் எடுபிடியாக. கொண்டுவிக்கப் போறது என்று சொல்வார்கள். மூன்று வருடக் கணக்கு. முதல் வருடம் கடையைக் கூட்டுவது, பாய் விரிப்பது, சமையலுக்குத் தண்ணீர் எடுப்பது, தபாலாபீசுக்கு ஓடுவது. அப்புறம்தான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காசு எண்ணுவது, கடிதம் படியெடுப்பது, பேரேடு, கடைசியில் அடுத்தாளோடு, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருப்பவரோடு, கிராமங்களுக்குப் போய் வட்டி வசூல். ஒரு வேலை கை வந்ததும் அடுத்ததற்கு மாற்றிவிடுவார்களாம். தபால் கொண்டுபோன நாட்களில் எந்தக் கடைக்கும் எந்தக் கடைக்கும் கடிதப் போக்குவரத்து என்று உறையைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தேன், பேரேட்டில் உட்கார்ந்தபோது அதுதான் கை கொடுத்தது என்று ஐயா என்னிடம் சொல்லியிருக்கிறார். 1942-இல் சண்டை வந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார். கற்ற கணக்கு மட்டும் கூட வந்தது, அதை வைத்துத்தான் இங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

பெல்லிங்காம் ஆடுவதைக் கவனித்துப் பாருங்கள், அதே விஷயம்தான். மாட்ரிட்டில் முதல் வருடம் ஸ்பெயின் லீக்கான லா லீகாவில் மட்டும் 19 கோல் போட்டான். அதில் பலதும் யாரும் கவனிக்காத நேரத்தில் பின்னாலிருந்து ஓடிவந்து கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் நுழைந்து போட்டவை. டிஃபன்டர் எப்போது பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஆளை விடுவான் என்பது, அந்த இடத்தில் நின்று ஏமாந்தவனுக்குத்தான் தெரியும். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

சரி, 2020-க்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. ஜூனில் காலி மைதானத்தில் மறுபடி தொடங்கினார்கள். அதற்குள் பெரிய கிளப்புகள் எல்லாம் கதவைத் தட்டியாயிற்று. மான்செஸ்டர் யுனைடெட் குடும்பத்தையே அழைத்துத் தங்கள் பயிற்சி மைதானத்தைச் சுற்றிக் காட்டியது. பக்கத்து ஊர், பெரிய பேர். யாராக இருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் குடும்பம் ஜெர்மனியின் டார்ட்மண்டைத் தேர்ந்தெடுத்தது. சின்னப் பிள்ளைகளை வாங்கி வேடிக்கை பார்க்க வைக்காமல் ஆடவிடுகிற கிளப் என்று டார்ட்மண்டுக்குப் பெயர். இன்னொரு இங்கிலாந்துப் பையன் ஜேடன் சான்சோ 17 வயதில் அங்கே போய் ஆளானவன்தான். அம்மா டெனிஸ் மகனோடு டார்ட்மண்டுக்குக் குடிபோனார், அப்பா, பையனின் தம்பி ஜோபோடு இங்கிலாந்தில் தங்கினார். வீடு இரண்டாகப் பிரிந்தது. எத்தனை ஆச்சிகள் இதே மாதிரிக் கணக்குப் போட்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஜூலை 20 அறிவிப்பு வந்தது, சுமார் 2.5 கோடி பவுண்டு. 22-ஆம் தேதி டெர்பியோடு கடைசி மேட்ச், 3-1 தோல்வி, ஆனாலும் அணி இரண்டாம் பிரிவில் தப்பித்தது. 7 வயதிலிருந்து இருந்த இடம். வழியனுப்ப மைதானத்தில் ஒரு ரசிகர் கூட இல்லை. 17 வயதுப் பையன் அழுதான்.

அப்புறம்தான் கிளப் 22-ஆம் நம்பரை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. உலகம் முழுக்கச் சிரித்தார்கள். ஒரே ஒரு சீசன் ஆடிய பையனுக்கா என்று. நானும் அப்போது கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. அளவுக்கு மீறிச் செலவு செய்ததற்காக 2019 மார்ச்சில்தான் லீக் அந்த கிளப்புக்கு 9 புள்ளியைக் குறைத்திருந்தது. பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அவர்களே வளர்த்த பிள்ளை மூலம் அவ்வளவு பெரிய தொகை வந்தது. அதோடு, அந்த நம்பர் பையனை மட்டும் சொல்லவில்லை. இவனை ஒரே இடத்தில் அடைக்காதே என்று யோசித்த அகாடமி ஆட்களையும் சேர்த்துச் சொல்கிறது. அவர்கள் பேர் வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த 22-ஐ எடுத்து வைத்தது சரி, முழுக்கச் சரி.

டார்ட்மண்டிலும் 22 தான் போட்டான். நான் அவனை முதலில் பார்த்தது அங்கேதான். சனிக்கிழமை நம் நேரம் ராத்திரி 7, 8 மணிக்கு மேட்ச், வசதியான நேரம். முதல் மேட்ச் செப்டம்பர் 14, டூயிஸ்பர்கோடு கோப்பை ஆட்டம், கோல். நவம்பரில் இங்கிலாந்து அணி. அடுத்த மே மாதம் ஜெர்மன் கோப்பை. 19 வயதில் கேப்டன் பட்டை கையில். கோபமும் உண்டு, ரெஃப்ரியைப் பற்றி டிவியில் பேசி 40 ஆயிரம் யூரோ அபராதம் கட்டியிருக்கிறான். 2023 மே 27, ஜெயித்தால் ஜெர்மன் லீக் பட்டம் என்ற கடைசி மேட்சில் டார்ட்மண்ட் மைன்ஸோடு 2-2, கோல் கணக்கில் பட்டம் பேயர்ன் மியூனிக் அணிக்குப் போனது. அன்றைக்கு இவன் காயத்தோடு பெஞ்சில். மூன்று சீசன், 132 மேட்ச், 24 கோல். மூன்று வருடம் முடிந்து கடை மாறி மாட்ரிட்டுக்குப் போனான். 10 கோடி யூரோவுக்கு மேல்.

அடுத்த வருடம் ஜூன் 1, லண்டன் வெம்பிளியில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், மாட்ரிட் எதிரே அதே டார்ட்மண்ட். 2-0. இரண்டாவது கோலுக்கு அணித் தோழன் வினிசியஸுக்குப் பந்தைக் கொடுத்தது இவன்தான். வேலை பழகிய கடைக்கு எதிராகவே ஒரு கணக்கை முடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது, எனக்குச் சந்தோஷமும் வலியும் சேர்ந்து வந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன் ஒன்றும் சொல்லாமல் தூங்கப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை நானும் மேட்சுக்குப் போனேன். மறுபடி டிஃபன்ஸ்தான். முதல் பாதியில் ஒழுங்காக நின்றான். இரண்டாம் பாதியில் ஒரு பந்தைப் பறித்தவன் பாஸ் கொடுக்காமல் நடுக்களம் தாண்டி எதிரி பெட்டி வரைக்கும் கொண்டுபோய் அடித்தான், கம்பத்துக்கு மேலே போய்விட்டது. ஓரத்திலிருந்து திரும்பி வா என்று சத்தம். வேகமாக ஓடித் திரும்பினான், தலையைத் தொங்கப்போடவில்லை.

வண்டியில் வரும்போது பின்னாலிருந்து கேட்டான், "அம்மான், அந்த ஸ்டோக் மேட்ச் கோல் போன்ல கெடைக்குமா?" வீட்டுக்கு வந்து தேடிப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தான்.

"இது ஒரு ஆளு மேல பட்டுல்ல உள்ள போகுது."

ஆமாம் என்றேன். நாலாவது தடவை போட்டான்.