முழு திராட்டிலில் படுத்துவிடும் பழைய அவுட்போர்டு: ஏர் புகுந்த இடம் கிடைத்தது

படகின் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார்) முழு வேகத்தில் படுத்துவிடுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பெட்ரோலை இழுக்கும் பம்பும் இல்லை, கார்பரேட்டரும் இல்லை. டேங்கிலிருந்து வரும் டியூபை மோட்டாரில் மாட்டுகிற கனெக்டருக்குள் இருக்கும் ஓரிங் என்கிற ரப்பர் வளையம்தான் இத்தனை நாளும் ஏரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

மோட்டார் பழைய 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர், 24 லிட்டர் தனி டேங்க். எண்ணூர் கழிமுகத்துக்குள் அரை திராட்டிலில் (வேகக் கைப்பிடியைப் பாதி திருகி) எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். முழுசாகத் திருகினால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆர்.பி.எம். மெல்ல இறங்கும், ஒருமுறை ஏறும், மறுபடி இறங்கும், படுத்துவிடும். பல்பை (டியூபின் நடுவில் பெட்ரோலைக் கையால் அமுக்கி ஏற்றும் ரப்பர் உருண்டையை) நாலு அமுக்கு அமுக்கினால் உயிர் வரும்.

இதை ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடக்கூடாது. முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டத்தான் முழு திராட்டில் வேண்டும். அங்கே இன்ஜின் படுத்தால் பைபர் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதோடு டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் போகிறது. 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி சரியாகக் கலந்திருந்தாலும், பெட்ரோல் வரத்து குறைந்தால் ஆயிலும் குறைகிறது. மிக்சர் லீன் ஆகி (ஏர் கூடி, பெட்ரோல் குறைந்து) பிஸ்டனும் சூடேறுகிறது. பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

இக்னிஷன் கோளாறா என்ற சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஸ்பார்க் போனால் பட்டென்று வெட்டும். பெட்ரோல் பற்றாவிட்டால் இழுத்து இழுத்து இறங்கும். இறங்கும்போது சோக்கை (ஏர் வரத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டை) லேசாக இழுத்துப் பாருங்கள். ஒரு நொடி எழும்பினால் லீன், பெட்ரோல் பக்கம்தான் வேலை. அரை திராட்டிலில் ஓடுகிற மோட்டார் முழுசில் ஏன் படுக்கிறது என்றால், இந்த அளவு மோட்டார் முழு திராட்டிலில் மணிக்கு 6, 7 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 100 மில்லிக்கு மேல். ஐடிலில் (திராட்டிலைத் திருகாமல் மெல்ல ஓடும்போது) அதில் பத்தில் ஒரு பங்குகூட போகாது. ஆகவே சின்ன ஏர் லீக்கை ஐடிலில் பம்ப் சமாளித்துவிடும். தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்ப்பது இந்தக் கோளாறுக்கு உதவாததும் அதனால்தான்: தொட்டித் தண்ணீரில் ப்ரொப்பெல்லர் ஏரடித்துவிடும், இன்ஜினுக்கு முழு லோடு வராது. படகில் மாட்டி, இரண்டு பேராகப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஒருவர் கைப்பிடியில், ஒருவர் டியூபில் கண் வைத்து.

பல்ப் பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். ஓடும்போது அது சப்பையாக ஒட்டிப்போனால் அடைப்பு பல்புக்கு முன்னால் இருக்கிறது: டேங்க் மூடியில் வென்ட் ஸ்க்ரூ (உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும், மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும்), டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் சல்லடை, அல்லது டியூபின் உட்தோல் உரிந்து தொங்குவது. கல்லாக இறுகியபடியே இருந்தும் இன்ஜின் படுத்தால் பல்புக்குப் பின்னால் தேடுங்கள்: ஃபில்டர், கார்பரேட்டர் நீடில், ஜெட். எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் ஏர் லீக், அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போயிருக்கிறது. அமுக்கும்போது பல்பை அம்புக்குறி மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடிப்பது முக்கியம். படுக்கவைத்து அமுக்கினால் வால்வு சரியாக உட்காராது, நல்ல பல்பும் கெட்டது போலத் தெரியும்.

இந்த மோட்டாரில் பல்ப் சப்பையாகவும் இல்லை, கல்லாகவும் இல்லை. ஏர் என்று அங்கேயே தெரிந்தது. எங்கே என்பதுதான் இழுத்தடித்தது. உறிஞ்சும் பக்கத்து லீக்கில் பெட்ரோல் வெளியே கசியாது, ஏர்தான் உள்ளே போகும். வாடையும் வராது, ஈரமும் தெரியாது. சோப்புத் தண்ணீர் தடவி, கைப்பம்பில் 5 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பார்த்ததில் ஒரு குமிழிகூட இல்லை. அழுத்தம் கொடுக்கும்போது ஓரிங் தன் பள்ளத்தில் நன்றாக அடைத்து உட்கார்ந்துகொள்கிறது. உறிஞ்சும்போது எதிர்ப்பக்கம் இழுபட்டு வழி விடுகிறது. ஆகவே பிரஷர் டெஸ்டில் பாஸ் ஆனதை வைத்து லைன் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

உள்ளே தெரிகிற டியூப்தான் கைகொடுத்தது. கால் இன்ச் தெளிவான வினைல் டியூப், ஒரு சாண் நீளம் போதும். முதலில் பம்ப் நுழைவாயிலுக்கு ஒட்டி மாட்டி முழு திராட்டிலில் ஓட்டினோம்: சரம் சரமாகக் குமிழி. ஸ்டார்ட் ஆனதும் ஒன்றிரண்டு குமிழி போவது சகஜம், அது நிற்காமல் வந்தால்தான் கோளாறு. அடுத்து அதே டியூபை இன்ஜின் கனெக்டருக்கு முன்னால், பல்ப் பக்கம் மாற்றினோம்: சுத்தமான பெட்ரோல். ஆக டேங்க், பல்ப், நீள டியூப் எல்லாம் நிரபராதி. மீதி இரண்டே இடம்: கனெக்டர், அதற்கு உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டர் கிண்ணம். கனெக்டர் கூடும் இடத்தைச் சுற்றித் தடிமனாகக் கிரீஸ் அப்பி ஓட்டியதும் குமிழி நின்றது. துடைத்தால் மறுபடி வந்தது. இதைவிட உறுதியான சாட்சி வேண்டாம்.

குமிழி எல்லாமே ஏர் லீக் என்று நினைத்துவிடக் கூடாது. முன்னால் அடைப்பு இருந்து பம்ப் கடுமையாக உறிஞ்சினால், சூடான பெட்ரோல் டியூபுக்குள்ளேயே ஆவியாகிக் குமிழி விடும். கத்திரி வெயிலில் படகில் கிடக்கும் டேங்குக்கு இது நடக்கும். லீக்கா அடைப்பா என்று பிரித்தறிய வேக்கம் கேஜை (பம்ப் எவ்வளவு கடுமையாக உறிஞ்சுகிறது என்று காட்டும் மீட்டரை) டி ஜாயின்டில் மாட்ட வேண்டும். பல மோட்டார்களுக்கு முழு திராட்டிலில் 4 இன்ச் மெர்க்குரிக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. வேக்கம் குறைவு, குமிழி அதிகம் என்றால் லீக். வேக்கம் அதிகம், குமிழியும் இருக்கிறது என்றால் அடைப்பு. 30 இன்ச் வரை காட்டும் கேஜில் 4 இன்ச் என்பது முள்ளின் சின்ன அசைவு, கவனமாகப் பார்க்க வேண்டும். இங்கே 2ஐத் தாண்டவில்லை. வினைல் டியூபை டெஸ்ட் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் பட்டுப்பட்டு விறைத்து, ஒருநாள் நழுவி வரும்.

இப்போது ஓரிங். கழற்றியது வட்டமாகவே இல்லை, ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல இருந்தது. ஜப்பான் மோட்டார்களில் ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தொழில் தரநிலை) அளவு வரும். அதில் பி3 முதல் பி10 வரையிலான ஓரிங்குகளின் தடிமன் 1.9 மி.மீ. பெட்டியில் கலந்து கிடக்கும் ஓரிங்குகளில் கைக்கு வருவது பெரும்பாலும் அமெரிக்க அளவு, 1.78 மி.மீ. பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பள்ளத்தின் ஆழம் 1.5 என்றால் 1.9 போட்டால் 0.4 நசுங்கும், 1.78 போட்டால் 0.28தான். புது கனெக்டரில் அதுவே போதும். பல வருஷம் மாட்டிக் கழற்றித் தேய்ந்த கனெக்டரில் அந்த 0.12தான் ஏர் போகிற வழி. தடிமன் அளக்கும் வெர்னியர் இல்லாமல் ஓரிங் வாங்கப் போகாதீர்கள்.

மெட்டீரியலும் முக்கியம். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஊதும், பிறகு காயும்போது சுருங்கி விறைக்கும். வைட்டான் (பெட்ரோலைத் தாங்கும் ஒரு வகை ரப்பர்) கேட்டு வாங்குங்கள். பழுப்பு அல்லது பச்சை நிறம் இருந்தால்தான் வைட்டான் என்று சிலர் சொல்வார்கள். கறுப்பு வைட்டானும் உண்டு, நிறத்தை நம்ப முடியாது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை என்று படகு கரையில் கிடக்கும்போது அரை டேங்க் பெட்ரோலை விட்டுவைத்தால், அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து பத்து நிமிடம் வையுங்கள். கீழே தனியாக ஒரு அடுக்கு கோடு கட்டினால் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

கிளிப் பற்றியும் சொல்ல வேண்டும். காசிமேட்டைச் சுற்றி எந்தக் கடையிலும் கிளிப் கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் என்று தருவதில் பலவற்றில் பட்டைதான் ஸ்டெயின்லெஸ், ஸ்க்ரூ முலாம் பூசிய இரும்பு. காந்தத்தை ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள், பலமாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். உப்புக் காற்றில் அந்த ஸ்க்ரூதான் முதலில் போகும். கால் இன்ச் டியூபுக்குப் பெரிய கிளிப்பை இறுக்கினால் வட்டம் நீள்வட்டமாகி அங்கேயும் ஏர் புகும், சின்ன அளவாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவது உறிஞ்சும் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பம்ப் கிட் ஏற்கெனவே வந்துவிட்டதால் அதையும் மாற்றியாயிற்று. பிரிக்கும் முன் எல்லா அடுக்கையும் சேர்த்து பக்கவாட்டில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், கேஸ்கெட் தலைகீழானால் பல்ஸ் துளை (கிரான்க் கேஸின் அழுத்தத் துடிப்பு பம்புக்கு வரும் வழி) மூடிவிடும். பழைய டயாபிரத்தை (பம்புக்குள் துடித்து பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வை) வெளிச்சத்தில் பிடித்ததில் ஓட்டை இல்லை, ஆனால் வால்வு இதழ் ஒன்றின் ஓரம் சுருண்டிருந்தது. கேஸ்கெட்டுக்கு எந்தப் பசையும் வேண்டாம், ஸ்க்ரூவைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினால் போதும். டயாபிரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் பல்ஸ் துளை வழியாக நேரே கிரான்க் கேஸுக்குள் போகும், அந்தச் சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்து வரும்.

கார்பரேட்டரில் செய்தது கொஞ்சம்தான். மெயின் ஜெட்டில் கம்பி விடாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். தூண்டில் போடும் மெல்லிய நரம்பு போதும்.

அடுத்து டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த 10 மைக்ரான் வாட்டர் செபரேட்டர் (பெட்ரோலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர்) ஒன்று வைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்று பாக்கி. கொசஸ்தலை ஆற்றில் முழு திராட்டிலில் ஓட்டி, ஓடும்போதே ஆஃப் செய்து பிளக் இரண்டையும் கழற்றினோம். குமிழி இல்லை, ஆர்.பி.எம். இறங்கவில்லை, கீழ் சிலிண்டர் பிளக் நல்ல பழுப்பு. மேல் சிலிண்டர் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கார்பரேட்டர் ஒன்றுதான் என்பதால் ஜெட் அடைப்பாக இருந்தால் இரண்டுமே வெளிறியிருக்க வேண்டும். மேல் சிலிண்டரில் மட்டும் ஏர் சேர்கிறது என்றால் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் கிரான்க் சீல் மேல்தான் சந்தேகம். அதைப் பார்க்க ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றும் புல்லர் வேண்டும். சுத்தியல் வைத்துத் தட்டிக் கழற்றினால் கிரான்க் முனை கெட்டுவிடும். புல்லர் கைக்கு வரும் வரை இந்த மோட்டார் கழிமுகத்தைத் தாண்டி கடலுக்குப் போகாது.