வரைபடத்தில் தர்மபுரி எங்கே?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதை இங்கே பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர் தண்ணீர் குடித்தே வளர்ந்து பல்லில் பழுப்புக் கறை ஏறியவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் நிறைய. இந்திய தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டும் கிணறுகளைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் முதல் வேலை கிணற்றடியில் இல்லை. இதுவரை யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கூகுள் ஸ்காலரில் தேடினால் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எது எதோடு உறவு என்பது மட்டும் தெரியாது. என் சீனியர் அக்கா ஒருவர் சொல்லித்தான் கனெக்டட் பேப்பர்ஸ் என்ற இணையதளத்தின் பக்கம் போனேன். உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டுரையின் தலைப்பைக் கொடுத்தால் போதும், அதற்கு நெருக்கமான கட்டுரைகளை வட்டங்களாக வரைந்து காட்டுகிறது. வட்டம் பெரிதென்றால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் அதிகம். நிறம் அடர்த்தியென்றால் புதிய கட்டுரை. கோடு போட்டிருப்பதால் ஒன்று மற்றொன்றை மேற்கோள் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே கட்டுரைகளை மேற்கோள் காட்டுகின்றனவா, இரண்டையும் சேர்த்து மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்களா என்று பார்த்துத்தான் நெருக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். முதல் கணக்கை கெஸ்லர் 1963-லும், இரண்டாவதை ஹென்றி ஸ்மால் 1973-லும் எழுதிவைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் படமாகப் பார்க்க நமக்கு இப்போதுதான் கொடுத்துவைத்திருக்கிறது.

அதில் முன்னோடிக் கட்டுரைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அந்த வழியே பின்னால் பின்னால் போய், 1937-ல் ஷார்ட்டும் மற்றவர்களும் அன்றைய சென்னை மாகாணத்து ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்) பற்றி எழுதிய கட்டுரை வரை வந்து சேர்ந்தேன். நம் மாகாணத்து ஆட்களின் வலியை அத்தனை காலம் முன்பே ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது மனசு நிறைந்துவிட்டது.

சரி, ஒரு கட்டுரையைச் சுற்றிப் பார்க்க இது போதும். மொத்தத் துறையையும் பார்க்க வாஸ்வியூவர் வேண்டும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் எக், வால்ட்மன் இருவரும் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. ஜாவா இருந்தால் ஓடும். தரவை நாம்தான் கொடுக்க வேண்டும். கட்டணத் தரவுத்தளமான ஸ்கோபஸுக்குச் சந்தா இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லென்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிய கோப்பையும் இது படிக்கும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தின் கோப்பும் ஓடும். ஆனால் அதில் மேற்கோள் பட்டியல் வராது, எனவே மேற்கோள் வரைபடம் போட முடியாது. இதை முன்பே தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம்.

கட்டுரைகளின் தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள சொற்களை வைத்து வரைபடம் போட்டேன். நீர் வேதியியல் ஒரு நிறம், பல்லும் எலும்பும் ஒரு நிறம், ஃபுளோரைடை வடிகட்டும் முறைகள் இன்னொரு நிறம் என்று திரை முழுக்க விரிந்தது. தர்மபுரியை மட்டும் காணவில்லை.

காரணம் இரண்டு. ஒரு சொல் குறைந்தது 10 கட்டுரைகளிலாவது வர வேண்டும் என்பது மென்பொருள் தானாக வைத்திருக்கும் வரம்பு. அதில் தேறிய சொற்களிலும் பொருத்தமானவை என்று 60 சதவீதத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். என் கோப்பில் 'தர்மபுரி', 'தர்மபுரி மாவட்டம்', 'தர்மபுரி பகுதி' என்று தனித்தனிச் சொல்லாகச் சிதறிக் கிடந்ததால் எதுவுமே பத்தைத் தொடவில்லை. இதற்கு தெசாரஸ் கோப்பு என்று ஒன்று எழுத வேண்டும். நோட்பேடில் இரண்டே நெடுவரிசைகள்: இடப்பக்கம் இப்போது இருக்கும் சொல், வலப்பக்கம் அதற்குப் பதிலாக வர வேண்டிய சொல், நடுவில் டேப். தர்மபுரிகளை ஒன்றாக்கினேன். 'கிரவுண்ட்வாட்டர்' என்று சேர்த்தும் பிரித்தும் எழுதியதை ஒன்றாக்கினேன். 'ஸ்டடி', 'ரிசல்ட்' போன்ற எங்கும் வரும் சொற்களுக்கு வலப்பக்கத்தைக் காலியாக விட்டால் அவை படத்திலிருந்தே போய்விடும். இந்த வேலை அலுப்பானதுதான். ஆனால் வரைபடத்தின் தரம் முழுக்க இதில்தான் இருக்கிறது. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

மறுபடி ஓட்டியதும் தர்மபுரி வந்துவிட்டது. பாறை, நீர் வேதியியல் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. பல், எலும்பு பக்கத்துக்குப் போன கோடு மிக மெல்லியது, அதாவது இரண்டையும் சேர்த்துப் பேசிய கட்டுரைகள் குறைவு. பார்க்கிறவர்கள் யாரும் "அதோ ஆய்வு இடைவெளி" என்றுதான் சொல்வார்கள். என் கைடு மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, "சோத்கங்காவில் பார்த்தியாம்மா?" என்று கேட்டார்.

அங்கேதான் விஷயம். வரைபடத்தில் இருப்பது தரவுத்தளத்துக்குள் வந்த கட்டுரைகள் மட்டுமே. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்காவில் கிடக்கின்றன; குடிநீர் வடிகால் வாரியத்தின் அறிக்கைகளும், ஜப்பான் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் ஆவணங்களும் வேறு எங்கோ இருக்கின்றன. தேடிப் பார்த்ததில் நம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்த ஆய்வேடுகள் கிடைத்தன. வெற்றிடம் என்று படம் காட்டிய இடத்தில் ஆட்கள் ஏற்கெனவே உழைத்திருக்கிறார்கள். யாரும் தொடாமல் இருந்தது அதைவிடச் சின்ன இடம்: ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் சமையலுக்கும் மாட்டுக்கும் போர் தண்ணீரையே எடுக்கும் வீடுகள். என் தலைப்பு அப்படித்தான் அமைந்தது.

டாக்டரல் கமிட்டிக்கு, அதாவது முனைவர் பட்ட ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. படத்தை மட்டும் ஒட்டாதீர்கள். எந்தத் தரவுத்தளம், என்ன தேடுசொல், எந்தத் தேதியில் இறக்கியது, குறைந்தபட்ச வரம்பு எத்தனை என்று படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். தெசாரஸ் கோப்பைப் பின்னிணைப்பில் வையுங்கள். என்னிடம் முதலில் கேட்ட கேள்வியே வரம்பு ஏன் பத்து என்பதுதான்.