திட்டப் போனவன் தண்டவாளம் பார்த்த கதை

எங்கள் வீட்டுக்கு நேர் கீழேதான் டிராம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் தேய்ந்துபோன தண்டவாளத்தை மாற்றப் போவதாக வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 9 இரவுகள், 10 மணி முதல் அதிகாலை 5 வரை. பகலில் சாலைப் போக்குவரத்தை நிறுத்த முடியாதாம். சரி, எங்கள் தூக்கத்தை நிறுத்தலாம் போல.

முதல் இரவு கான்கிரீட் வெட்டும் ரம்பம். இரண்டாம் இரவு உடைக்கிற இயந்திரம். கட்டில் தானாக ஜன்னல் பக்கம் நான்கு விரற்கடை நகர்ந்தது என்று இன்றும் சாதிக்கிறேன், மனைவிதான் நம்ப மறுக்கிறாள். மூன்றாம் இரவு ஒன்றரை மணிக்கு, "என்கிட்டப் புலம்பி என்ன ஆகப்போகுது? கீழே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வீறுகொண்டு இறங்கினேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அவள் செருப்பு என்பது பாதித் தெருவில்தான் தெரிந்தது.

வாயைத் திறப்பதற்குள் மேற்பார்வையாளர் முந்திக்கொண்டார். "சார், கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. ஊத்தப் போறோம்."

இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி. அதைச் சுற்றி ஓர் அச்சு, மேலே ஒரு கலயம். கலயத்துக்குள் இரும்பு ஆக்சைடும் அலுமினியப் பொடியும். பற்றவைத்ததும் புஸ்ஸென்று ஒரு வெள்ளை வெளிச்சம், தெருவே பட்டப்பகலாகிவிட்டது. சற்று நேரத்தில் உருகிய எஃகு தானாகக் கீழே இறங்கி இடைவெளியை நிரப்பியது. "2000 டிகிரிக்கு மேல சார்" என்றார், தன் பிள்ளையின் மார்க்கைச் சொல்வது போல. புது முறையா என்று கேட்டேன். சிரித்தார். "1899லயே ஜெர்மனியில எஸ்ஸன் நகரத்து டிராம் பாதையில செஞ்சாங்க."

எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

அப்புறம் கழற்றிப் போட்ட பழைய துண்டைக் காட்டினார். ரயில் தண்டவாளம் போல இல்லை, தலையில் ஒரு பள்ளம் ஓடுகிறது. சக்கரத்தின் விளிம்பு அதற்குள்தான் போகும். வளைவில் அந்த விளிம்பு உரசி உரசி, செங்குத்தாக இருக்க வேண்டிய பக்கம் சீவிய பென்சில் மாதிரி சரிந்து கிடந்தது. வெல்டிங்கில் பூசிப் பூசிச் சில வருடம் ஓட்டலாம், அதற்கு மேல் மாற்றத்தான் வேண்டும் என்றார். ஒரு மீட்டர் ஏறக்குறைய 60 கிலோவாம். அந்தக் கணக்கில் நான் ஒன்றரை மீட்டர் தண்டவாளம்.

நான்கு மணிக்கு மேலே வந்தேன். "சொன்னீங்களா?" என்றாள்.

"தண்டவாளத்துக்கு ரப்பர் சட்டை போடறாங்க. அதிர்வும் குறையும், மின்சாரம் மண்ணுக்குள்ள கசிஞ்சு தண்ணிக் குழாயை அரிக்காமலும் இருக்கும்."

பதில் குறட்டையாக வந்தது.

அடுத்த இரவிலிருந்து கட்டட வாசலில் நான்தான் நிபுணர். யாரும் கேட்காமலேயே விளக்கினேன். மேல்மாடிப் பெரியவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, திரும்பும்போது கத்துமே அந்தக் கீச்சு, இனிமே இருக்காதில்ல?"

"இருக்கவே இருக்காது ஐயா. புதுத் தண்டவாளமாச்சே!" இதை யாரிடமும் கேட்காமல் சொந்தமாகச் சொன்னேன்.

பத்தாம் நாள் காலை முதல் டிராம். எல்லா ஜன்னலிலும் தலைகள். நேர்ப்பாதையில் பழைய தடதடப்பு இல்லை, வெண்ணெய் போல வழுக்கி வந்தது. நான் மார்பை நிமிர்த்தினேன். திருப்பம் வந்தது. கீ...ய்...ய்...ச்!

முன்பைவிட ஒரு சுருதி கூட.

தடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளரிடம் ஓடினேன். "வளைவு அதே வளைவுதானே சார்? இது கார் சக்கரம் மாதிரித் தனியாத் திரும்பாது, பக்கவாட்டுல இழுபட்டுத்தான் போகும். அதான் கத்துது. மழை பெஞ்சா அவ்வளவா கத்தாது."

அண்ணாந்து பார்த்தேன். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். வானம் இன்னும் வெளுத்தே கிடக்கிறது.