ஷட்டிலில் ஒரு சர்வீஸ்

வலையை ஒட்டித் தாழ்வாகப் போக வேண்டிய ஷார்ட் சர்வீஸைப் போட மூன்று மாதமாகத் திணறிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டை மடக்காதே, முழங்கையை ஒட்டி வை என்று எனக்கு நானே ஓதிக்கொண்டு தட்டினால் காக் ஒன்று வலையில், இல்லையென்றால் எதிரில் நிற்பவர் அடித்து நொறுக்க வசதியான உயரத்தில்.

நேற்று, என்னோடு ஆடுகிற காலேஜ் பையன், "அண்ணா, கையை மறந்துடுங்க, வலை மேல வெள்ளைப் பட்டி இருக்குல்ல, அதை உரசிட்டுப் போகணும்னு மட்டும் நினைங்க" என்றான். பத்தில் ஆறு சரியாகப் போனது!

இது ஏற்கெனவே ஆராய்ந்த விஷயம்தான். 1998இல், உடல் அசைவுகளை நாம் எப்படிக் கற்றுக்கொள்கிறோம் என்று ஆராயும் கேப்ரியல் வுல்ஃப் குழுவினர் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஆட்களை ஏற்றி, சிலரைத் தங்கள் பாதத்தையும் சிலரைப் பாதத்துக்குக் கீழே உள்ள சக்கரத்தையும் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே சில அங்குலம்தான், ஆனால் சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கையைக் காலை நாமே அதிகாரம் பண்ணப் போனால், உடம்பு தானாகச் சரிசெய்துகொள்ளும் வேலை கெட்டுவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அப்புறம், ஏழாவது சர்வீஸில் "அட, வருதே" என்று மணிக்கட்டைக் குனிந்து பார்த்தேன். வலையில் விழுந்தது.