முன்னணைக்கு முன்னால் கொஞ்ச நேரம்

பெத்லகேம் பிறப்பின் ஆலயத்து வாசல் நாலடி உயரம்தான் இருக்கும். ‘தாழ்மையின் வாசல்’ என்கிறார்கள். குனிகிறவனுக்குத்தான் கிறிஸ்து கிடைப்பார் என்று வழிகாட்டிகள் அங்கே ஒரு குட்டிப் பிரசங்கம் வைக்காமல் விடுவதில்லை. குதிரையும் வண்டியும் உள்ளே வராதபடி வாசலைச் சுருக்கினார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். பழைய பெரிய வாசலின் அடையாளம் சுவரில் இன்னும் தெரிகிறது.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழும்பிய ஆலயம் இது. இப்போது நிற்பது 6ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. தரையில் மரப்பலகைகளைத் திறந்து வைத்திருக்கும் இடத்தில் எட்டிப் பார்த்தால், கீழே பழைய மொசைக் தரை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், அர்மேனிய, கத்தோலிக்க பிரான்சிஸ்கன் என மூன்று சபையாருக்கும் இங்கே பங்கு உண்டு. எந்த விளக்கு யாருடையது, எந்த இடத்தை யார் பெருக்குவது என்பதுவரை பாத்தியதை இருக்கிறது. 2011 டிசம்பரில், ஆலயத்தைச் சுத்தம் செய்யும்போது கிரேக்க, அர்மேனிய குருமார்கள் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். பாலஸ்தீன போலீஸ் புகுந்து விலக்கிவிட்டது. 1847இல், ஆலயத்துக்கு அடியில் இயேசு பிறந்ததாகச் சொல்லும் குகையிலிருந்த வெள்ளி நட்சத்திரம் காணாமல் போன தகராறு, பிறகு கிரிமியப் போருக்கே ஒரு காரணமாயிற்று.

இதைக் கேட்டால் பலருக்கு மனம் சோர்ந்துவிடும். எனக்கோ வரிசையில் நிற்க நிற்க வேறு விதமாகப் பட்டது. படி இறங்கும் இடம் நெருங்க நெருங்க ஒரே தள்ளுமுள்ளு. ஜெபமாலையும் கையுமாக நின்றவர்களே முழங்கையால் இடித்தார்கள். நானும் இடம் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதர்கள் திருந்தட்டும், பிறகு வரலாம் என்று ஆண்டவர் காத்திருந்திருந்தால் இந்தக் குகைக்கு வேலையே இல்லை.

உள்ளே எண்ணெய்ப் புகை வாசனை. பீடத்துக்கு அடியில், வெள்ளைப் பளிங்கில் பதித்த பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம்; கன்னி மரியாளிடத்தில் இயேசு கிறிஸ்து இங்கே பிறந்தார் என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. மண்டியிட்டு, தலையைப் பீடத்துக்கு அடியில் நுழைத்து, நடுவிலுள்ள துவாரத்தில் கைவிட்டேன். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. வேண்டிக்கொள்ள யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், “ஸ்தோத்திரம்” மட்டும் வாயில் வந்தது. அதற்குள் பின்னாலிருந்து தோளைத் தட்டினார்கள்.

நட்சத்திரத்துக்கு எதிரிலேயே சில படி இறங்கினால் முன்னணை இருந்ததாகச் சொல்லும் இடம். அங்கே அவ்வளவு கூட்டமில்லை. ஏன் என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய இடம். கன்னியின் வயிற்றில் பிறந்தது அற்புதம், சரி. மாடு தின்னும் தொட்டியில் படுக்கவைக்கச் சம்மதித்தாரே! கழுத்து நிற்காத பிள்ளையாய், யாராவது தூக்கினால் உண்டு என்கிற நிலைக்கு இறங்கி வந்தாரே! அங்கே சாவகாசமாக நன்றி சொல்ல முடிந்தது. பசி எங்களுக்கு எப்படியிருக்கும் என்று அறிந்துகொண்டதற்காக. மரியாளின் கையில் தம்மை நம்பிக் கொடுத்ததற்காக. மேலே இடித்துக்கொண்டு நின்ற எங்கள் எல்லாரையும் தெரிந்தே வந்ததற்காக. துடைப்பச் சண்டைக்குப் பிறகும் எங்களை விட்டு எழுந்து போகாததற்காக.