121.8-க்கு மாறிய ஒரு விமானம்

விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ரேடியோப் பலகையில் இரண்டு சிறிய எண்சாளரங்கள் உண்டு. ஒன்றில் இப்போது பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசை, மற்றதில் அடுத்துத் தேவைப்படப்போகும் அலைவரிசை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு 120.5, தரையிறங்கிய பின் பேச வேண்டிய தரைக் கட்டுப்பாட்டுக்கு 121.8.

2017 அக்டோபர் 22 இரவு, அங்கே 28 வலது ஓடுபாதையை நோக்கி வந்த ஏர் கனடா 781, இறங்குவதற்கான அனுமதியைப் பெற்றுவிட்டது. முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு முழுவதும் விலகிவிட்டதா என்ற ஐயம் எழவே, இறங்காமல் மேலேறிச் சுற்றி வரும்படி கட்டுப்பாட்டாளர் ஆறு முறை ஆணையிட்டார். பதிலே இல்லை. கோபுரத்திலிருந்து சிவப்பு சமிக்ஞை விளக்கைக் காட்டியும் பயனில்லாமல், விமானம் இறங்கியேவிட்டது. முந்தைய விமானம் அதற்குள் விலகியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அனுமதி கிடைத்த பிறகு விமானிகள் தவறுதலாகத் தரைக் கட்டுப்பாட்டின் அலைவரிசைக்கு மாறிவிட்டிருந்தனர் என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

அந்த உரையாடலின் ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வோர் ஆணைக்கும் பின்னால் வரும் வெறுமை என்னை இன்றும் கலங்க வைக்கிறது. அலைவரிசை மாறிவிட்டதை விமானிக்கு உணர்த்த எந்த மணியும் ஒலிப்பதில்லை. அனுமதி வாங்கியாயிற்று, இனிப் பேசுவதற்கு ஏதுமில்லை என்ற நேரத்தில் காதில் விழும் அமைதி இயல்பான அமைதியாகவே தோன்றும்.

இதே நிலையத்தில் 28 இடது, 28 வலது ஓடுபாதைகளின் மையக்கோடுகளுக்கு இடையே இருப்பது 750 அடி, அதாவது சுமார் 229 மீட்டர்தான். வானம் தெளிவாக இருக்கும்போது இரு விமானங்கள் ஏறக்குறைய அருகருகே இறங்கி வருவது பல ஆண்டுகளாக அங்கே அன்றாடக் காட்சியாக இருந்தது. அவற்றில் ஒன்று தன் பாதையிலிருந்து விலகினால் மற்றதை எச்சரிக்கக் கிடைப்பது சில வினாடிகளே.

மேகமூட்டமான வேளைகளில் நெருக்கமான இணை ஓடுபாதைகளுக்கென அமெரிக்காவில் பி.ஆர்.எம். என்ற ஓடுபாதைத் துல்லியக் கண்காணிப்பு முறை வைத்திருக்கிறார்கள். இரு விமானங்களும் இறங்கி வரும் வான்வழிகளுக்கு நடுவே 2,000 அடி அகலத்துக்கு எவரும் நுழையக் கூடாத வெளியை வரையறுத்து, அதைக் கண்காணிக்கவென்றே தனிக் கட்டுப்பாட்டாளர்களை அமர்த்துகிறார்கள். விமானி கோபுரத்தின் அலைவரிசையில் பேசுவார். விமானத்தில் இருக்கும் இரண்டாவது ரேடியோவில் கண்காணிப்பு அலைவரிசையைக் கேட்க மட்டும் செய்வார். விலகிச் செல்லும்படி ஆணை வந்தால் அது இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒலிக்கும். விமான ரேடியோவில் இருவர் சேர்ந்தாற்போல் பேசினால் கீச்சென்ற இரைச்சல் எழுந்து பேச்சு புரியாமல் போகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரு விமானங்கள் மோதி 583 உயிர்களைப் பலிகொண்ட விபத்துக்கு முன்னும் முக்கியமான இரண்டு செய்திகள் அப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

இந்த இரட்டைக் காது மேகமூட்டத்துக்கு மட்டும் ஏன் என்பதே என் கேள்வி. தெளிந்த இரவிலும் ஓடுபாதையை விட்டு விலகும்வரை இரண்டாவது ரேடியோவைக் கோபுரத்திலேயே வைத்திருப்பதை விதியாக்கலாம். அன்றிரவு அந்த விமானத்தின் இரண்டாவது ரேடியோவில் 120.5 ஒலித்துக்கொண்டிருந்தால், ஆறு ஆணைகளில் முதலாவதே அவர்கள் காதில் விழுந்திருக்கும்.